குப்பியை உடைக்கலாமா?

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் புதன்கிழமை என்றால் ஊசி நாள். துணை சுகாதார நிலைய வாசலில் செருப்புகள் சேரும். உள்ளே கிராம சுகாதார செவிலியர் குளிர்ப்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து லேபிளைத் திருப்பிப் பார்ப்பார். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சின்னச் சதுரம். சதுரம் வெளுத்திருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்கு அது கறுத்துவிட்டால் வழியில் எங்கோ சூடு பட்டிருக்கிறது, போடக்கூடாது. போட்ட பிறகு தாயிடம் நான்கு சேதி: இது என்ன ஊசி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வருவது, அட்டையை எங்கே வைப்பது. "வேலைக்கு நேரமாச்சுங்க" என்று எழுகிற பெண்ணை, "உக்காரு கண்ணு, அரை மணி ஆவட்டும்" என்று அமர்த்துவதும் அவர் வேலைதான்.

இதில் அறச்சிக்கல் எங்கே என்று கேட்டால், ஊசி வேண்டாம் என்கிற பெற்றோரைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். சேலத்துக்கு இந்த வழக்கு பழையது. ஒரு காலத்தில் சேலம் நகரசபைத் தலைவராக இருந்த ராஜாஜி, 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி இயக்கத்தை எதிர்த்துச் சிறுநூலே எழுதினார். நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு இத்தனை பெரிய அளவில் இதைப் போடத் தக்க சான்று உண்டா என்பது அவர் கேள்வி. பின்னால், 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய நெடிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயை அது தடுக்கிறது. பிறந்தவுடன் இன்றும் போடுவது அதனால்தான். ராஜாஜியின் அச்சம் மிகை, கேள்வி மிகையல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கத்தின்போது வாட்ஸ்அப் வதந்திகளைக் கேட்டு மிரண்ட பெற்றோரும் பதில் கேட்கும் உரிமை உள்ளவர்களே. சிலர் அவர்களைப் படிக்காதவர்கள் என்று ஏசினார்கள். மிரண்டவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு.

யாரையும் வற்புறுத்தி ஊசி போடக்கூடாது என்று 2022இல் கோவிட் தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக மறுப்பு அந்த வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. தட்டம்மைக்கு முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான். பக்கத்து வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருந்தால், தெருப்பிள்ளைகளின் கையில் ஏறிய ஊசிதான் அதற்குக் காவல்.

மறுப்போரை விடப் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது: வர முடியாமல் போனவர்கள். அவர்கள் விஷயத்தில் விசாரிக்கப்பட வேண்டியது அரசு.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே பதறியது. ஊருக்குள் வந்து ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவமனையிலும் மட்டுமே என்று அப்போது ஆனது. அந்த நேரத்தில் இதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? நான்கு சிறு உடல்கள் முன்னால் கிடக்கும்போது கையைப் பின்னிழுப்பதுதான் மனித இயல்பு.

ஆனால் பின்னிழுத்த கைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஊசி போட்டபின் நேரும் சாவுக்கு விசாரணை உண்டு, கோப்பு உண்டு, செய்தித்தாளில் படம் உண்டு. ஊசி போடாததால் இரண்டு வருடம் கழித்துத் தட்டம்மையில் போகும் குழந்தைக்குக் கோப்பு ஏது? ஜவ்வரிசி ஆலையில் கூலிக்குப் போகும் தாய்க்கு, ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, மூத்த பிள்ளையை யாரிடமாவது விட்டுப்போகும் கெஞ்சல். ஆபத்து ஒழியவில்லை, அரசின் தோளிலிருந்து இறங்கி அவள் இடுப்பில் ஏறிக்கொண்டது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் எல்லா ஊசிகளும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06இல் 100க்கு 81, 2015-16இல் 70. சரிவுக்கு இந்த நிறுத்தம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதற்குப் பங்கே இல்லை என்பதும் நம்பக்கூடியதல்ல. 2019-21இல் எண்ணிக்கை 89க்கு ஏறியது.

சாவு நேர்ந்தபின் சில நாள் நிறுத்திக் காரணம் தேடுவது கடமை. நிறுத்தியதையே பாதுகாப்பு என்று பெயரிட்டு நீட்டிப்பது தவறு. ஒருமுறை குத்தியதும் பூட்டிக்கொள்ளும் ஊசி, கலக்கிய மருந்தை நான்கு மணி நேரத்தில் கொட்டிவிடும் கட்டுப்பாடு, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின், அழைத்தால் வர 108 வண்டி: கையைப் பத்திரமாக்க இத்தனை வழி இருக்கிறது. தாயின் சுமையைக் குறைக்கவும் வழி உண்டு. மகப்பேறு நிதியுதவியில் ஒரு தவணையைக் குழந்தையின் ஊசியோடு கட்டியிருப்பதை லஞ்சம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. போன கூலியில் ஒரு பங்கு திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

கடைசிச் சிக்கல் அந்தச் சின்ன அறையிலேயே இருக்கிறது. மதியம் தாண்டி, செங்கல் சூளைக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு தாய், ஒன்பது மாதக் குழந்தையோடு வந்து நிற்கிறாள். அட்டை இல்லை. தட்டம்மைக் குப்பி ஐந்து பேருக்கானது. கலக்கினால் மிச்சம் நான்கு பேரின் மருந்து மாலைக்குள் குப்பைக்குப் போகும். "அடுத்த புதன் வாம்மா" என்று சொல்லிவிடலாம். சிக்கனம் என்று அதற்கு நல்ல பேர்கூட உண்டு. அடுத்த புதன் அவள் எந்தச் சூளையில் இருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரே குழந்தை வந்தாலும் குப்பியை உடைக்க வேண்டும் என்பதுதான் விதி. விதி சொல்லாவிட்டாலும் உடைப்பதே சரி.