கயிற்றில் அடங்குமா இந்தப் பயம்?

பீடோங் தோட்டப்புறத்தில் ஓர் அம்மாவைப் பார்த்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கேன்" என்பார். அவர் மணிக்கட்டைப் பாருங்கள். மந்திரித்த கயிறு, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று. போன் அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைக்கிறார். இரவில் படுத்த பிறகும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறார். இதுவா நல்லா இருப்பது?

நெஞ்சு படபடத்தால் கண்ணேறு என்கிறோம். தூக்கம் போனால் சனி பார்வை என்கிறோம். மகன் ஆலோங் எனும் வட்டி முதலையிடம் வாங்கிய கடன் வட்டியோடு வளர்கிறதே, அதைச் சனியா வளர்க்கிறது? வேலை நின்றால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று விதித்தது கிரகமா, முதலாளியா? காரணம் கண்ணெதிரே நிற்கும்போது பரிகாரத்துக்குப் பணம் கட்டினால் யாருக்கு லாபம்?

பயத்தை மனிதர்களே உண்டாக்குகிறார்கள் என்பதற்கு நம் தோட்டங்களே சாட்சி. வெள்ளைத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்றொரு காலம் இருந்தது. தினமும் அப்படி இறங்கிய கால், துரை வராத பாதையிலும் தயங்கியிருக்காதா? 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு இந்தக் கொடுமைக்கும் முடிவு கேட்டார்கள். போருக்குப் பின் இதே பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. 1947இல் போலீசின் வன்முறையைச் சந்தித்தது, உயிரையும் கொடுத்தது. அவர்களுக்குப் பயமே இல்லையா? இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மனதைத் திறந்து பேசாமல் ஒரு படை சேர்ந்திருக்குமா?

நாம் என்ன செய்கிறோம்? யாராவது மனம் சரியில்லை என்று வாய் திறந்தால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று மனநல மருத்துவமனையைச் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிள்ளை தன் நடுக்கத்தை யாரிடம் சொல்லும்? தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் அடைக்க இடம் தந்தது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 2023இல் நாடாளுமன்றமே அதை நீக்கிவிட்டது. உங்கள் வீட்டுக் கூடத்தில் அது இன்னும் அமலில் இருக்கிறதா, இல்லையா?

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அரசாங்கக் கிளினிக்கில் காத்திருக்கக் கூசாத நாம், மனதுக்கு மட்டும் ஏன் கூச வேண்டும்? குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரே ரிங்கிட். அதற்கு மேல் தேவைப்பட்டால் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசவும் ஆள் உண்டு.

ஆகவே, அந்த அம்மா "நல்லா இருக்கேன்" என்றதும் நகர்ந்துவிடாதீர்கள். உட்காருங்கள். கடன் எவ்வளவு, யார் மிரட்டுகிறார்கள், எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால், நாளைக் காலை கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.