அச்சமும் ஆளுகையும்



இல்லறத்தார் கைக்கொள்ளும் அறங்களுள் தலையாயது கொல்லாமை என்பதை நாம் நன்கறிவோம். அவ்வறத்திற்கு வேராய் நிற்பது அஞ்சாமை என்பதையோ பல வேளைகளில் மறந்துவிடுகின்றோம். இம்மை, மறுமை, வேதனை, மரணம், காப்பாரின்மை, அரணின்மை, எதிர்பாராத இடர் ஆகியன பற்றிய ஏழு அச்சங்களும் நற்காட்சி உடையானை ஆட்கொள்ளா என்பது நம் ஆகம உரை. இவ்வுரை தனி மனிதனுக்கு மட்டுமன்றி நாட்டிற்கும் பொருந்தும்.

1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஆயுதந் தாங்கிய ஐவர் கைப்பற்றினர். அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாக அது ஆப்கானிஸ்தானத்துக் காந்தகாரை அடைந்தது. பயணி ஒருவர் கொல்லப்பட்டார். தில்லியில் பிரதமர் வாஜ்பாயி இல்லத்தின் முன் உறவினர் திரண்டு கதறினர். டிசம்பர் 31 அன்று சிறையிலிருந்த மூவர் விடுவிக்கப்பட, பயணிகள் மீண்டனர். அம்மூவருள் ஒருவரான மசூத் அசார் 2000ஆம் ஆண்டில் ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தோற்றுவித்தார். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேரைப் பலிகொண்ட தாக்குதலுக்கு அவ்வமைப்பே பொறுப்பேற்றது.

உறவினரின் கதறல் குற்றமா? அன்று. பெற்ற வயிறு அவ்வாறே கதறும். உயிர்களை மீட்டது குற்றமா? அதுவும் அன்று. பிழை அதற்கு முன்னரே நேர்ந்தது. அமிர்தசரஸில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே அவ்விமானம் நின்றது. ஆள்வோர் முடிவு செய்யுமுன் அது பறந்துவிட்டது. அதன்பின் எஞ்சியவை யாவும் தீமை கலந்த வழிகளே. அச்சம் வேண்டிய பொழுதில் கையைக் கட்டுகிறது. பின்னர் வேண்டாத பொழுதில் விரைவுபடுத்துகிறது.

நம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரியை நினைமின். கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நீர் பெருகி வருங்கால், உபரிநீரைக் காலத்தே அளவறிந்து வெளியேற்றல் வேண்டும். தாழ்த்தினால் கரைக்குக் கேடு. பதறித் திறந்தால் தாழ்வான ஊர்களுக்குக் கேடு. கரையில் நிற்போர் கூக்குரலைக் கேட்டு மதகை இயக்குபவன் காவலன் ஆகான்.

தற்காப்பை நம் சமயம் மறுக்கவில்லை. விருஷபதேவர் மக்களுக்கு வகுத்த அறுதொழிலுள் வாளும் ஒன்று. தாக்க வருபவனைத் தடுக்கையில் நேரும் விரோதி இம்சை இல்லறத்தானால் முற்றும் தவிர்க்க இயலாதது. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பி இம்சையையோ அவன் அறவே விடல் வேண்டும். காத்தல் முன்னதைச் சாரும். பழிவாங்கல் பின்னதைச் சாரும். ஒரு சிலர் செய்த கொடுமைக்கு ஓர் இனத்தையோ சமயத்தையோ பகைப்பது, அச்சம் அணிந்த வேறு வேடமே.

எனின், நாம் செய்யத்தக்கது யாது? கேட்ட வதந்தியை ஆராயாது பரப்புதல் வாய்மை அணுவிரதத்திற்கு இழுக்கு, அதனை ஒழிப்போம். ஆள்வோரிடம் ஆரவாரத்தை வேண்டாது, முன்னேற்பாட்டை வேண்டுவோம். நாள்தோறும் சாமாயிகத்தில் அமருங்கால், ஏழு அச்சங்களுள் எது இன்று நம்மை ஆண்டது என வினவுவோம். அஞ்சாத குடிகள் வாய்த்தாலன்றி, அஞ்சாத ஆட்சி வாய்ப்பதில்லை.

அச்சம் அகல்க! அருகன் அறம் தழைக்க!