காரணமும் பொறுப்பும்: நகரக் கலவரச் செய்திகளில் திணை மயக்கம்

நகரம் ஒன்று எரியும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. எரித்தவர் யார் என்பது ஒன்று. ஏன் எரித்தனர் என்பது மற்றொன்று. முதல் வினாவை எழுப்புவோர் சட்டத்தின் காவலராகவும், இரண்டாம் வினாவை எழுப்புவோர் குற்றத்திற்குப் பரிந்து பேசுவோராகவும் கருதப்படுகின்றனர். ஒரு செயலின் காரணத்தைக் கூறுவது அச்செயலை நியாயப்படுத்துவதாகுமா? இவ்வறச்சிக்கலை, 2011 ஆகஸ்டில் இங்கிலாந்து நகரங்களில் நிகழ்ந்த கலவரங்களையும், அவற்றையொட்டி உழைக்கும் வர்க்கத்தினர் ஊடகங்களில் சித்திரிக்கப்பட்ட முறையையும் முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலவரத்தின் தொடக்கம்

2011 ஆகஸ்ட் 4ஆம் நாள் வடக்கு இலண்டனைச் சேர்ந்த டாட்டன்ஹாமில் மார்க் டக்கன் என்னும் 29 வயதுக் கறுப்பின இளைஞர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபுறமும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது என்றே செய்தி முதலில் பரவியது. காவல்துறை மீதான முறையீடுகளை விசாரிக்கும் ஆணையம், தன் கூற்றே அத்தவறான எண்ணத்தைத் தோற்றுவித்திருக்கலாம் என்று சில நாள்களில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 6ஆம் நாள் குடும்பத்தாரும் அப்பகுதி மக்களும் விளக்கம் கேட்டுக் காவல் நிலையத்தின் முன் கூடினர், மணிக்கணக்கில் காத்திருந்தனர், நிறைவான விடை கிடைக்கவில்லை. அன்றிரவு அங்கு மூண்ட கலவரம் இலண்டனின் பிற பகுதிகளுக்கும், பர்மிங்காம், மான்செஸ்டர், சால்போர்டு, நாட்டிங்காம் முதலிய நகரங்களுக்கும் பரவியது. ஐவர் உயிரிழந்தனர். 2014இல் நடுவர் குழு, சுடப்பட்ட கணத்தில் டக்கனின் கையில் துப்பாக்கி இல்லை என்று கண்டது. எனினும் அக்கொலை சட்டத்திற்கு உட்பட்டதே என்று பெரும்பான்மையால் முடிவு செய்தது.

திணையும் பெயரும்

கலவரம் ஓய்வதற்குள் அதில் ஈடுபட்டோருக்குப் பெயர் சூட்டும் பணி தொடங்கிவிட்டது. டெய்லி மெயில் நாளிதழில் எழுதிய மேக்ஸ் ஹேஸ்டிங்ஸ் அவர்களைக் காட்டு விலங்குகளாகவே கண்டார். அடுத்த மாதம் நீதித்துறை அமைச்சர் கென்னத் கிளார்க், வளர்ப்பு விலங்கு காட்டு நிலைக்குத் திரும்புதலைக் குறிக்கும் ஆங்கில அடைமொழியை அடித்தட்டினர்க்குச் சூட்டினார். இப்பெயர்கள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஏழைத் தொழிலாளர் குடும்பத்து இளைஞரை ஏளனம் செய்யும் வழக்கு பிரித்தானிய ஊடகங்களில் வேரூன்றியிருந்ததை ஓவன் ஜோன்ஸ் எழுதிய ‘சாவ்ஸ்’ என்னும் நூல் விரிவாகக் காட்டியது. அந்நூல் கலவரத்திற்கு முன்னரே, அதே ஆண்டில் வெளிவந்ததாகும்.

இப்பெயரீட்டின் தன்மையை விளக்கத் தமிழிலக்கண மரபு பெரிதும் துணைபுரிகிறது. தொல்காப்பியர் உயர்திணையை வரையறுக்குமிடத்து ‘மக்கட்சுட்டு’ என்னும் தொடரைப் பெய்துள்ளார். மக்கள் என்று சுட்டப்படுதலே உயர்திணைக்கு அடிப்படை. எனவே சுட்டுவோனுக்கும் அதில் பங்குண்டு எனலாம். நன்னூலார், உவப்பு முதலியவற்றோடு சினம், இழிப்பு ஆகியவற்றாலும் திணை மயங்கும் என்று கூறி, அதனை வழுவமைதியாக ஏற்றுக்கொள்வார். இங்கு ஒன்று நோக்கத்தக்கது. அம்மயக்கத்திற்குக் காரணமாக அவர் கூறுவன அனைத்தும் சொல்வோனின் மனநிலைகளே. சொல்லப்படும் பொருளின் இயல்புகள் அல்ல. ஒருவனை விலங்கு என்று வைதால், வைதவனின் சினம் தெரியவருகிறது. வையப்பட்டவனின் திணை மாறிவிடுவதில்லை. இலக்கணம் வழுவாகக் கண்டு அமைத்துக்கொண்டதைச் செய்தித்தாள் உண்மைக் கூற்றாக அச்சிட்டதே 2011இல் நிகழ்ந்தது.

முன்னும் பின்னும்

பெயருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது நிகழ்ச்சி வரிசை. 1984 ஜூன் 18ஆம் நாள் தெற்கு யார்க்‌ஷயரின் ஆர்கிரீவ் கல்கரி ஆலை முன்பு, வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்க்கும் காவல்துறையினர்க்கும் மோதல் மூண்டது. அன்று மாலை பிபிசி தொலைக்காட்சியின் செய்தியில் தொழிலாளர் கல்லெறியும் காட்சி முன்னும், குதிரைப்படை பாயும் காட்சி பின்னுமாக அமைந்திருந்தன. அவ்வரிசை தலைகீழானது என்பதை 1991இல் அந்நிறுவனம் அவசரத்தில் நேர்ந்த பிழையாக ஏற்றுக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளர் மீதான வழக்குகள் 1985இலேயே நிலைகுலைந்து கைவிடப்பட்டன. பொய்யான காட்சி ஒன்றுகூட அச்செய்தியில் இல்லை. முன்னும் பின்னும் இடம் மாறின, அவ்வளவே. அதனால் வினை எதிர்வினையாகவும் எதிர்வினை வினையாகவும் ஆயின.

மதுரையின் எரியைப் பாடிய இளங்கோவடிகள் வழக்குரை காதையை அதற்கு முன் வைத்தார். தீயில் தொடங்கியிருந்தால் கண்ணகி கொடியவளாகவே எஞ்சியிருப்பாள். தவறிழைத்த பாண்டியன்கூட வாயிலைத் திறந்து அவள் வழக்கைக் கேட்டான் என்பதும், முதியோரையும் குழவிகளையும் விலக்குமாறு அவள் தீக்கு ஆணையிட்டாள் என்பதும் எண்ணத்தக்கன. காரணத்தைக் கூறிய காப்பியம் எரியின் எல்லையையும் கூறத் தவறவில்லை. டாட்டன்ஹாமில் வழக்கைக் கேட்க வாயில் திறக்கவில்லை. அங்கு மூண்ட தீக்கு விலக்கும் இல்லை. கடைகளின் மேல்தளத்தில் குடியிருந்தோர் ஒரே இரவில் வீடிழந்தனர். பர்மிங்காமில் தம் பகுதியைக் காக்க நின்ற மூவர் வாகனம் மோதி இறந்தனர். தீ வைத்தவர் மட்டும் உழைக்கும் வர்க்கத்தினர் அல்லர். தீயில் வீடிழந்தவரிலும் மறுநாள் தெருவைக் கூட்டியவரிலும் அவ்வர்க்கத்தினர் உண்டு. விலங்கு என்னும் ஒற்றைப் பெயர் இவ்வேறுபாட்டையும் மறைத்துவிடுகிறது.

ஏற்றத்தாழ்வும் பொறுப்பும்

இக்கலவரங்கள் வறுமை பற்றியன அல்ல என்று அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன் கூறினார். அவரது அரசின் நீதித்துறை 2011 அக்டோபரில் வெளியிட்ட விவரம் வேறொன்றைக் காட்டியது. நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்ட வயதுவந்தோரில் 35 விழுக்காட்டினர் வேலையற்றோர்க்கான உதவித்தொகை பெற்றுவந்தனர். நாட்டின் உழைக்கும் வயதினரிடையே அது 12 விழுக்காடே. சிறாருள் 42 விழுக்காட்டினர் பள்ளியில் இலவச உணவுக்கு உரியவர்; பொதுவாக மாணவரிடையே அவ்விகிதம் 16 விழுக்காடு. கார்டியன் நாளிதழும் இலண்டன் பொருளியல் பள்ளியும் கலவரத்தில் ஈடுபட்ட 270 பேரை நேர்கண்டபோது, பெரும்பாலோர் வறுமையோடு காவல்துறையினர் தம்மை நடத்திய முறையையும் முதன்மைக் காரணமாகக் கூறினர்.

இவ்வெண்களைக் கொண்டு, வறுமை தூண்டியது, அவர் எரித்தனர் என்று முடித்துவிடுவதும் பொருந்தாது. அதே உதவித்தொகையில் வாழ்ந்த பல இலட்சம் பேர் கல்லெடுக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட வயதுவந்தோரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் முன்னரே தண்டனை பெற்றவர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. மேலும், மனிதனை முழுவதும் புறச்சூழலே இயக்குகிறது என்னும் பரிவுரையும் அவனைக் காற்றில் பறக்கும் சருகாக, அஃறிணையாகவே ஆக்கிவிடுகிறது. வைவோர் அவனிடம் விலங்கைக் காண்கின்றனர். பரிவோர் பொருளைக் காண்கின்றனர். தேர்ந்து செயற்படும் மனிதனை இருவருமே காணவில்லை.

நீதிமன்றங்களோ அவர்களை உயர்திணையாகவே நடத்தின. 3.50 பவுண்டு மதிப்புள்ள தண்ணீர்ப் புட்டிகளைத் திருடிய மாணவர் ஒருவர் 6 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். முகநூலில் கலவரத்திற்கு அழைப்பு விடுத்த இளைஞர் இருவருக்கு, அவ்வழைப்பால் கலவரம் எதுவும் நிகழாதபோதும், 4 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனையின் அளவு ஒருபுறம் இருக்க, அதன் அடிப்படையை நோக்குதல் வேண்டும். ஆட்டைக் கவ்விய ஓநாயைக் கொல்லலாம். கூண்டில் ஏற்றி வினவ இயலாது. நன்று இது, தீது இது என்று தெரிந்து செய்தவனே குற்றத்திற்குப் பொறுப்பாவான். அவ்வாறு தெரிந்து செய்தவனுக்கு அதைச் செய்யக் காரணமும் இருந்திருக்கும். அக்காரணம் தீயதாகவும் போதாததாகவும் இருக்கலாம். ஆகவே, ஒருவனைத் தண்டிக்கும்போது உயர்திணையாகவும், அவன் காரணத்தைக் கேட்கவேண்டிய வேளையில் அஃறிணையாகவும் கொள்வது முரணாகும். பொறுப்பைச் சுமத்துவோர்க்குக் காரணத்தைக் கேட்கும் கடனும் உண்டு.

முடிவுரை

காரணம் கூறுதல் மன்னித்தல் ஆகாது. மாறாக, பொறுப்பைச் சுமத்துவதற்கு அதுவே முன்நிபந்தனை. விளக்கம் கேட்ட குடும்பத்திற்கு விடை கூறாத அரசும் இதே அளவுகோலால் அளக்கப்படுதல் வேண்டும். ஏனெனில் காரணம் கூறும் கடன் சுட்டவனுக்கும் உண்டு, எரித்தவனுக்கும் உண்டு. செய்தியாளரிடம் அறம் எதிர்பார்ப்பன இரண்டு: நிகழ்ச்சியை அது தொடங்கிய இடத்திலிருந்து கூறுதல், செய்தவரை அவர்க்குரிய திணையில் சுட்டுதல். இவ்விரண்டும் கலகக்காரர்க்குக் காட்டும் சலுகை அல்ல. வீடிழந்தவர்க்கும் உயிரிழந்தவர்க்கும் நீதி வழங்க வேண்டுமாயினும், தீ வைத்தது மனிதனே என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.