யார் யாருக்குப் பாடம் சொன்னது?

சாய்மெத்தையில் படுத்துப் பேசுகிறவர் நோயாளி. தலைமாட்டில், அவர் கண்ணில் படாமல் உட்கார்ந்து கேட்கிறவர் உளப்பகுப்பாய்வாளர். இதில் யார் வாத்தியார் என்று கேட்டால் சிரிப்பார்கள். எனக்கென்னவோ கேட்டே ஆகவேண்டும் என்று படுகிறது.

1895இல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட ஹிஸ்டீரியா நூலில் 'எம்மி' என்ற மாற்றுப்பெயரில் ஒரு பெண் வருகிறார். இந்த வலி எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று பிராய்டு துருவிக்கொண்டே இருக்கிறார். அந்தம்மாவுக்கு எரிச்சல். சும்மா கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்க என்கிற அர்த்தத்தில் ஒரு போடு போட்டார். பிராய்டு கேட்டுக்கொண்டார். நோயாளியைத் தடுக்காமல் பேசவிடும் முறைக்கு அதுவும் ஒரு வித்து. 'பேச்சு வைத்தியம்' என்ற பெயரை வைத்ததே பிராயரிடம் வந்த பெர்த்தா பாப்பன்ஹைம்தான்.

'டோரா'வுக்கு 18 வயது. அப்பா கொண்டுவந்து சேர்த்தார். 1900 டிசம்பர் 31 அன்று, இனி வரமாட்டேன் என்றார். இரண்டு வாரத்துக்கு முன்பே முடிவெடுத்துவிட்டதாக அவர் சொன்னதும், வேலைக்காரி நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்றார் பிராய்டு. (யாருக்கு யார் வேலை பார்த்தது?) பழைய உறவுகளின் கோபதாபத்தை நோயாளி வைத்தியர்மேல் ஏற்றுவதை உரிய நேரத்தில் பிடிக்கத் தவறினேன் என்று 1905இல் அவரே எழுதினார். டோராவுக்கு வைத்தியம் முடியவில்லை. பிராய்டுக்குப் பாடம் கிடைத்துவிட்டது.

1920இல் பெர்லினில் ஐட்டிங்கோனும் ஸிம்மலும் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். காசில்லாதவருக்கு இலவசம். நல்ல காரியம், மறுக்கவில்லை. மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சியாளர்கள் கைபழகியதும் அங்கேதான். அந்த ஏற்பாடு உலகமெங்கும் போனது. இன்றைக்கும் பல பயிற்சி நிறுவனங்களில் குறைந்த கட்டணத்துக்கு வருகிறவர், படிப்பு முடிக்காதவரிடம்தான் போகிறார். காசுள்ளவர் மூத்தவரைத் தேடிக்கொள்வார்.

அறுவை வைத்தியத்தையும் யாரோ ஒருவர் உடம்பில்தானே பழகுகிறார்கள் என்பீர்கள். சரிதான். ஆனால் அங்கே உடம்பு மயங்கிக் கிடக்கிறது. இங்கே நோயாளி வாய்திறந்து சொல்கிற அவமானமும் துக்கமுமே பாடம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒருவருக்குச் சான்றிதழ் வருகிறது. அப்புறம் எது இலவசம்? யார் யாருக்குக் கொடுத்தது? பெயரை மறைப்பது நியாயம், அவசியமும்கூட. ஆனால் பெயரோடு சேர்த்து அவர் பங்கையும் மறைத்துவிடுகிறார்கள்.

பாப்பன்ஹைம் 1907இல் நொய்-ஈஸன்பூர்க்கில் ஆதரவற்ற பெண்களுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். அந்தப் பெண்களுக்கு உளப்பகுப்பாய்வு செய்யலாம் என்று யாராவது சொன்னால் கடுமையாக மறுத்துவிடுவார் என்று அவரோடு பழகியவர் பதிவு செய்திருக்கிறார். தான் வாங்கிய வைத்தியத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்தவர்.