வட்டம் போட்டவன் யார்?

‘மாணவர் மையக் கல்வி’ என்கிறார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் அப்படித்தான் பேசுகிறது. நல்லது. ஆனால் மையம் என்று கேட்டாலே நமக்குச் சந்தேகம் வரும். ஊருக்கு மையம் உண்டு, சேரி வெளியே. வட்டம் போட்டவன் யார் என்று கேட்காமல் மையத்தில் போய் உட்கார முடியாது.

நான் வேலை பார்த்த கல்லூரியில் பாடத்திட்டக் கூட்டம். கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தாள் வைக்கலாம்; மரவள்ளி, தேன், கடுக்காய் என்று அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டி இருக்கட்டும் என்றார்கள். சேரியிலிருந்து வந்த நானும் தலையாட்டினேன்.

வகுப்பில் சொன்னேன். ஒரு மலைப் பையன் எழுந்தான். “மரவள்ளி நட எங்கப்பன் சொல்லிக் குடுத்துட்டாரு சார். கீழ கொண்டாந்தா ஜவ்வரிசி மில்லுல பாயிண்டு கம்மின்னு வெலயக் கொறைக்கிறாங்களே, அந்தப் பாயிண்ட எப்படிப் பாக்குறாங்க? அதச் சொல்லிக் குடுங்க.”

பாயிண்ட் என்பது கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு. மாவு கூடினால் அடர்த்தி கூடும். கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டுக் கணக்கிடலாம். இதில் இயற்பியல் இருக்கிறது, வேதியியல் இருக்கிறது. தராசு யார் கையில் என்ற பொருளாதாரம் இருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த மலையின் வரலாறும் இங்கேதான் வந்து நிற்கிறது.

நாங்கள் கொடுக்க நினைத்ததோ அப்பன் தொழிலை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், குலக்கல்வி என்ற எதிர்ப்பில் 1954இல் ஒழிந்தது. அதையே அக்கறை என்ற பெயரில் உள்ளே விடப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

அப்படியானால் நம் வாழ்க்கை பாடத்தில் வேண்டாமா? வேண்டும். 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி எழுத்துகளை ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கியபோது எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் நம் வாழ்க்கை பாடத்துக்குள் வருவது வேறு. பாடத்தை வைத்து நம்மை அந்த வாழ்க்கைக்குள்ளேயே பூட்டுவது வேறு. கேள்வி யாருடையது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும்.

தெரியாத பாடத்தை மாணவன் எப்படிக் கேட்பான் என்பார்கள். அதற்குத்தானே வாத்தியார்? அவன் கேள்விக்குள் இருக்கும் அறிவியலை எடுத்துக் காட்டுவதும், அவன் கேள்விப்படாததை அவன் முன் வைப்பதும் நம் வேலை. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுடையது.

அதே வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: “எனக்கு மரவள்ளியே வேணாம் சார். நட்சத்திரத்தப் பத்திப் படிக்கணும்.”

அவளுக்கும் இடமுள்ள பாடத்திட்டத்தைத்தான் நாம் எழுத வேண்டும்.