முகத்துக்கு யார் வைத்த கெடு?

பருவுக்கு மருந்து போடுவது பெண்ணியத்துக்கு விரோதமா என்று மாணவிகள் கேட்பதுண்டு. இல்லை. வலிக்கிறது, சீழ் வைக்கிறது, தழும்பாகிறது; மருந்து போடத்தான் வேண்டும். எனக்கு உறுத்துவது அவசரம்தான்.

அடாபலீனோ பென்சாயில் பெராக்சைடோ பலன் தர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் அவ்வளவு அவகாசம் தருவதில்லை. ஆகவே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஸ்டீராய்டு கிரீம் முகத்தில் ஏறுகிறது. சில நாளில் சிவப்பு அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். நிறுத்தினால் பரு முன்னைவிட மோசமாகக் கிளம்பும். மருத்துவர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018இல் ஒன்றிய அரசு ஆணையிட்டது. ஆணை கல்யாணத் தரகருக்குத் தெரியாது.

2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மீனவர்கள் அதைக் கையால் அள்ளினார்கள். தோல் தடித்தது. அதைப் ‘பாதிப்பு’ என்றோம், சரியாகவே. பெண்ணின் பருவை மட்டும் அவள் முகம் கழுவாத குற்றமாக்குகிறோம். அழுக்கால் பரு வருவதில்லை. ஹார்மோனும் எண்ணெய்ச் சுரப்பும் அடைபட்ட மயிர்க்காலும் சேர்ந்து செய்கிற வேலை அது.

பெண் பார்ப்பதே எனக்கு ஒப்பில்லை; அது வேறு சண்டை. இப்போதைக்கு அம்மாக்களிடம் கேட்கிறேன்: அந்தத் தேதியை மூன்று மாதம் தள்ளிவைக்க முடியாதா?