ஆடிக்கு முன்னாடி சித்திரை வருமா?

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கை காலைத்தான் விசாரிக்கிறார்கள். விரல் அசைகிறதா, எழுந்து உட்காருகிறாரா, பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறாரா என்று. பேச்சு எப்படி என்று கேட்டால் வீட்டார் சொல்வது பெரும்பாலும் ஒரே பதில்: "அது தானா வந்துடும்னு சொன்னாங்க."

பேச்சுப் பயிற்சியாளராக இந்த வரியைப் பாலக்கோட்டிலும் கேட்டிருக்கிறேன், பென்னாகரத்திலும் அரூரிலும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் தானாக வருவது உண்மைதான். முதல் சில வாரங்களில், மூளையில் வீக்கம் வடிய வடிய, சில சொற்கள் திரும்புகின்றன. அதற்கு மேல் வராதவர்கள்தான் வருஷக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கால் வந்துவிட்டது, நடக்கிறார்கள், டீக்கடை வரை போகிறார்கள். டீ வேண்டும் என்று சொல்லத்தான் முடிவதில்லை. சில மாதங்களில் டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

*

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா உண்டாகிறது. சொல்லைத் தேடி எடுப்பது, வாக்கியமாகக் கோப்பது, காதில் விழுந்ததைப் பொருளாக்கிக் கொள்வது, இவையெல்லாம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பாதியில் நடக்கும் வேலை. அங்கே ரத்தம் போகாமல் நின்றால் மொழி குலைகிறது. நாக்கில் எந்தக் கோளாறும் இருக்காது. ஆனாலும் வீட்டில் பாட்டிமார் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறார்கள். அந்த அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கவாதம் வந்த முதல் நாட்களில் விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கலாம். அப்போது வாய்க்குள் போகும் எதுவும் மூச்சுக்குழலில் இறங்கக்கூடும்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். ராகி களியை நாம் மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குகிறோம். சின்ன வயதிலிருந்து பழகிய தொண்டை அது. பக்கவாதம் வந்தவருக்கு "தெம்பு வரட்டும்" என்று அதே உருண்டையைக் கொடுக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்த்த பிறகே என்ன பதத்தில் என்ன கொடுக்கலாம் என்று முடிவு செய்ய முடியும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகி இறப்பவர்கள் உண்டு. விழுங்குவதைப் பரிசோதிப்பதும் பேச்சுப் பயிற்சியாளரின் வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது.

*

வாய் குளறுவது வேறு. அதை டிஸ்ஆர்த்ரியா என்கிறோம். சொல் தெரியும், வாக்கியம் சரியாகவே மனதில் இருக்கும். உதடும் நாக்கும் தொண்டையும் சொன்னபடி கேட்காது. பார்க்கின்சன் நோயில் குரல் வரவர மெலிந்து, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காமல் போவதும் இந்த வகை. இதையும் அஃபேசியாவையும் பிரித்துப் பார்க்காமல் சிகிச்சை தொடங்க முடியாது. சொல் கிடைக்காதவரை நாக்கை நீட்டு, மடக்கு என்று பயிற்சி செய்யச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

அஃபேசியாவிலேயே இன்னொரு வகை வீட்டாரை மிகவும் குழப்பும். கை கால் நன்றாக இருக்கும். பேச்சு ஆறாக ஓடும், ஒன்றும் விளங்காது. இல்லாத சொற்கள் வரும். எதிரில் இருப்பவர் சொல்வதும் அவருக்குப் புரியாது. தான் பேசுவது சரியில்லை என்பதும் தெரியாது. 1874இல் கார்ல் வெர்னிக்கி விவரித்த நிலை இது. நம் ஊரில் இதைக் காற்று கருப்பு என்று கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள், அல்லது புத்தி கலங்கிவிட்டது என்கிறார்கள். இதுவும் பக்கவாதம்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கை கால் விழாததால் அந்த நேரம் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது.

*

மதிப்பீட்டுக்கு வந்தவர் ஒரு புளி வியாபாரி. உட்கார வைத்ததும், பின்னால் நின்ற மனைவி சொன்னார்: "அவருக்கு ஒண்ணும் புரியாதுங்க. எது கேட்டாலும் தலைய ஆட்டுவாரு."

"ஐயா, உங்க பேரு பெருமாளா?"

இல்லை என்று தலையசைத்தார். சரிதான், அது அவர் பெயரில்லை.

"நாம இப்ப சேலத்துல இருக்கோமா?"

இல்லை.

"ஆடிக்கு முன்னாடி சித்திரை வருமா?"

உடனே பதில் வரவில்லை. இடது கையை மடிமேல் வைத்து, கட்டைவிரலால் சுண்டுவிரலின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த விரலுக்குப் போய் நான்காவது கணுவில் நிறுத்தினார். ஆமாம் என்று அழுத்தமாகத் தலையசைத்தார்.

மனைவி எதுவும் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலும் நிறைய கேள்விகள் கேட்கவேண்டும். தற்செயலாகத் தலையாட்டிச் சரியாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஆமாம், இல்லை கேள்விகளைக் கலந்து வரிசையாகக் கேட்கிறோம். ஆண்ட்ரூ கெர்டெஸ் 1982இல் வெளியிட்ட 'வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி' என்ற சோதனையின் அடிப்படை இப்படித்தான்: தானாகப் பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது, பொருள்களுக்குப் பெயர் சொல்வது. நூற்றுக்கு மதிப்பெண் உண்டு, 93.8க்குக் கீழே இருந்தால் அஃபேசியா. எண் தேவைதான், சான்றிதழுக்கும் சிகிச்சையின் முன்னேற்றத்தை அளப்பதற்கும். ஆனால் மதிப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது, என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை வீட்டார் தங்கள் கண்ணால் பார்ப்பதுதான்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த நோயாளி லெபோர்னுக்கு 'டான்' என்ற ஒரே ஓசைதான் வரும். மருத்துவமனையில் அதுவே அவர் பெயராகிவிட்டது. அவர் எண்களை விரல் காட்டிச் சொன்னார், கோபம் வந்தால் ஒரு வசைச்சொல் வந்தது என்பதையும் புரோக்கா எழுதிவைத்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்து, புரோக்கா பார்த்த சில நாட்களில் இறந்துபோனார். மருத்துவ நூல்கள் அவர் மூளையைப் பற்றிப் பேசுகின்றன. நான் அந்த விரல்களை நினைத்துக்கொள்கிறேன்.

*

உலகெங்கும் பயன்படும் ஒரு படம் உண்டு. அமெரிக்கச் சமையலறை. அம்மா தட்டுத் துடைக்கிறாள், தொட்டியில் தண்ணீர் வழிகிறது, பையன் ஸ்டூலில் ஏறி பிஸ்கட் திருடுகிறான். இதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பது சோதனை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.54 சதவீதம். பள்ளிக்கூடம் போகாத, கோட்டுப் படத்தைப் பார்த்துப் பழகாத ஒரு மூதாட்டி அந்தப் படத்தின் முன் மௌனமாக இருந்தால் அது நோயின் மௌனமா, படம் புரியாத மௌனமா? முறத்தையும் படியையும் களி கிண்டும் துடுப்பையும் கையில் கொடுத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்வதே நியாயம்.

மொழியும் அப்படித்தான். இந்த எல்லைப்பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, சந்தையில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். பெங்களூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர்களும் அப்படியே. முதலில் கற்றது முதலில் திரும்பும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கியதே திரும்பும் என்றார் 1895இல் மருத்துவர் பீத்ர். பலருக்கு எல்லா மொழியும் சேர்ந்தே மெல்லத் திரும்புகிறது. எதுவானாலும், தமிழில் மட்டும் சோதித்துவிட்டுப் "பேச்சு இல்லை" என்று எழுதுவது பிழையான மதிப்பீடு.

*

தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளைச் செய்தியில் படிக்கிறோம். இறந்தவர் எத்தனை, காயம்பட்டவர் எத்தனை என்று. தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களில் பலர் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்கள், சாவு வீட்டில் சிரித்துப் பேசுவார்கள், கேட்டதையே கேட்பார்கள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மொரப்பூர் வழியாக அரூர் போவதை வரிசையாகச் சொல்லச் சொன்னால் நடுவில் நூல் அறுந்துவிடும். "ஆளே மாறிட்டான்" என்கிறார்கள். அவனைத் திருந்தச் சொல்லி அடிக்கிற அப்பாக்களும் உண்டு. அடிபட்ட மூளைக்குக் கவனமும் நினைவும் முறைப்படி பழக்கப்படுத்தப்பட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்ல அருகில் ஆள் இல்லை.

*

பேச முடியாதவர் பாடுவார். இது அடிக்கடி நடக்கிறது. தண்ணீர் கேட்க வராதவருக்குக் கந்த சஷ்டி கவசம் வரிவரியாக வரும். பழைய சினிமாப் பாட்டு வரும். ஒன்று இரண்டு மூன்று வரும். பேச்சு முழுக்க வந்துவிட்டது என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். அப்படியில்லை, பழக்கத்தில் ஊறியவை தனித் தடத்தில் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். ராகமிட்டு, கையால் தட்டி, "தண்-ணி வே-ணும்" என்று இழுத்துப் பழக்கும் முறையை 1973இல் பாஸ்டனில் வகுத்தார்கள். பெயர் வராதபோது முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பதும் பழைய, நல்ல வழி. "மு…" என்றால் "முறம்" வந்துவிடுகிறது. கேட்பவர் காத்திருக்க வேண்டும். மருமகள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அன்றைய பயிற்சி போயிற்று.

பயிற்சி பலன் தருமா என்பதற்கு 2016இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு பதில் சொன்னது: 57 ஆய்வுகள், 3002 பேர். பலன் தருகிறது, அடர்த்தியாகக் கொடுத்தால் கூடுதல் பலன். அடர்த்தியான பயிற்சியில் பாதியில் விட்டுப்போனவர்களும் அதிகம் என்பதையும் அது சொல்லியிருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கி, அங்கிருந்து தர்மபுரிக்கோ பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கோ வாரம் சில நாள் யார் போவார்கள்? கூட வருகிறவரின் கூலியும் போகும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். பேச்சுப் பயிற்சியாளரும் அதேபோல் வீட்டுக்கு வரவேண்டும். அரசு இதைச் செய்ய வேண்டும், செய்யவும் முடியும்.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது இது. பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதும்போதே, பேச்சையும் விழுங்குவதையும் மதிப்பிட ஒரு சீட்டு கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அஃபேசியாவை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நிரந்தரமாகிவிட்டால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பத்திரம், பணம், மகள் கல்யாணம் என்று எதைப் பேசினாலும் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பதிலுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.